குடும்பப் பத்திரங்களும் கணினிக் கோப்புகளும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மழையும் பனிமூட்டமும் நாள்தோறும் வந்து போகும் விருந்தாளிகள். தேயிலைக் கொழுந்துக்கு அந்தக் குளிர் நன்மை செய்கிறது. காகிதத்திற்கோ அது பகை. தகரப் பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த பிறப்புப் பத்திரத்தை விரித்தால், பூஞ்சணம் படர்ந்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வருவதைக் காணலாம். மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இதே வேலையைக் கரையான் செய்துவிடுகிறது.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில், கனமழையைத் தொடர்ந்து ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளம் பெர்த்தாம் வேலிக் குடியிருப்புகளில் சேற்றுடன் புகுந்தது, உயிர்களும் பலியாயின. இத்தகைய வேளையில் உயிரைக் காத்துக்கொண்டு ஓடவே நேரமிருக்கும். பத்திரங்களைத் தேட நேரமிராது.

பத்திரம் ஏன் முக்கியம்?

நம் நாட்டில் அடையாள அட்டை முறை அவசரகாலத்தின்போது 1948-இல் தொடங்கியது. 1969-இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இங்கேயே உழைத்து வாழ்ந்தும் குடியுரிமை பெறாதிருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் அக்காலத்தில் தமிழகம் திரும்ப நேர்ந்தது. ஒரு காகிதம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றவல்லது என்பதை நம் முன்னோர் இவ்வாறு கண்டறிந்தனர்.

இன்றும் நிலைமை அதுவே. தொழிலாளி விபத்தில் இறந்தால், சார்ந்தோர் உதவித்தொகை கோரும் மனைவி மக்கள் தம் உறவை மெய்ப்பிக்கத் திருமணப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் காட்டவேண்டும். ஊழியர் சேமநிதியில் ஏதேனும் ஒரு மாதச் சந்தா விடுபட்டிருந்தால், பிடித்தம் செய்யப்பட்டதைக் காட்டும் சான்று சம்பளச் சீட்டேயாகும்.

சேர்ப்பது வேறு, அடுக்குவது வேறு

பத்திரங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருப்போர் இன்று பலர். ஆயினும் திருமணப் படங்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் நடுவே அப்படம் எங்கோ மறைந்து கிடக்கிறது. தேவைப்படும் நாளில் கைக்கு எட்டாத பத்திரம், இல்லாத பத்திரத்திற்குச் சமம்.

இதற்கு வழி தோட்டத்திலேயே உள்ளது. ரப்பர்க் காடுகளை நட்ட ஆண்டைக்கொண்டு பெயரிட்டு அழைக்கிறோம். ஒவ்வொரு நிரைக்கும் இன்னார் பொறுப்பு என வகுக்கிறோம். கணினியிலும் அவ்வாறே செய்யலாம். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை திறந்திடுக. வீடு, மின்சாரம் முதலிய பொதுக் காகிதங்களுக்கு 'குடும்பம்' எனத் தனிக் கோப்புறை ஒன்று போதும். கோப்புறைகள் மிகுந்தால் குழப்பமே மிகும்.

அடுத்தது பெயர். படத்திற்குக் கைப்பேசி தானாகத் தரும் எண்களை அப்படியே விட்டுவிடலாகாது. முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், அதன்பின் பத்திரத்தின் பெயர் என எழுதுக. '1998-05-12 பிறப்புப் பத்திரம்' என்பது ஓர் எடுத்துக்காட்டு. மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கங்களில் எழுதினால், கணினி தானே அவற்றைக் கால வரிசையில் நிறுத்திவிடும். சம்பளச் சீட்டுகளை இம்முறையில் வைத்தால், விடுபட்ட மாதம் எதுவெனப் பார்த்தவுடன் புலப்படும். சேமநிதிக் கணக்கறிக்கையுடன் அவற்றை ஒப்பிடுவதும் எளிது.

பறித்த கொழுந்தை அன்றைக்கே தொழிற்சாலைக்கு அனுப்பாவிட்டால் தேயிலையின் தரம் கெடும். அதுபோல் பத்திரம் கைக்கு வந்த அன்றே படம் பிடித்துப் பெயரிட வேண்டும். நாளை என்று தள்ளினால் அது ஆண்டுக் கணக்காகிவிடும்.

மூன்று இடங்களில் மூன்று படிகள்

கைப்பேசி நீரில் விழலாம், கணினி பழுதாகலாம். ஆதலின் ஒரே இடத்தை நம்புதல் தகாது. கணினியில் ஒரு படி, பென்டிரைவில் ஒரு படி, வேறு ஊரில் வாழும் நம்பிக்கைக்குரிய உறவினரிடம் ஒரு படி என வைத்திடுக. ஆண்டுக்கொரு முறை, பழையன கழிக்கும் போகித் திருநாளன்று, அவை திறக்கின்றனவா எனப் பார்ப்பது நலம்.

ஒன்றை மறவாதீர்: கணினிப் படி மூலப் பத்திரத்திற்கு ஈடாகாது. மூலத்தை நீர் புகாத உறையில் பாதுகாக்க வேண்டும். ஆயினும் மூலம் தொலைந்தால், அதன் எண்ணும் நாளும் படியில் இருக்கும். தேசியப் பதிவிலாகாவில் மாற்றுப் பத்திரம் கேட்க அவை துணைபுரியும்.

எச்சரிக்கையும் வேண்டும். மைகார்ட் படத்தை அறிமுகமற்றோருக்கு அனுப்பலாகாது. பிறருக்குக் கொடுக்கும் படியின் குறுக்கே கோடிட்டு, இன்ன காரியத்திற்கு மட்டும் என எழுதிக் கொடுப்பீர். பொதுக் கணினியைப் பயன்படுத்தினால், எழுந்து வருமுன் உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு வரவேண்டும்.

கணினி தெரியாதே எனப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் அதை அறிவார்கள். எந்தப் பத்திரம் எதற்கு உதவும் என்பதைப் பெற்றோர் அறிவார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரு தலைமுறையினரும் தகரப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, வீட்டின் கடைக்குட்டியின் பிறப்புப் பத்திரத்திலிருந்து தொடங்குவீராக.