தானே சுற்றும் சக்கரம் தண்ணீர் இறைக்குமா?

"எடைகள் கட்டிய சக்கரத்தை ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், டீசலும் மின்சாரமும் இல்லாமல் பம்பு ஓடும் என்கிறார்கள். முன்பணம் கட்டலாமா?" என்று வேங்கிக்கால் பகுதி சிறு விவசாயி ஒருவர் கேட்டார். கட்ட வேண்டாம் என்பதே பதில். காரணத்தைப் பார்ப்போம்.

கவலை ஓட்டிய நாட்களை நினைத்துப் பாருங்கள். காளைகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையும் சேர்ந்து இழுப்பதால் சால் மேலே வருகிறது. அடுத்த சாலுக்குக் காளைகள் மீண்டும் மேட்டுக்கு ஏறவேண்டும். அந்தச் சக்தி நாம் போடும் வைக்கோலிலும் புண்ணாக்கிலும் இருந்து கிடைக்கிறது.

சக்கரத்துக்கும் இதே கணக்குதான். 10 கிலோ எடை 2 மீட்டர் கீழே இறங்கினால் சுமார் 196 ஜூல் சக்தி கிடைக்கும். அதே எடையை மறுபடி மேலே ஏற்றவும் அதே 196 ஜூல் வேண்டும். மிச்சம் ஏதுமில்லை. அச்சின் உராய்வால் நஷ்டமே உண்டு.

ஒருபுறத்து எடைகள் வெளியே தள்ளி நிற்பதால் அந்தப் பக்கம் கனம் கூடாதா என்று கேட்கலாம். அப்படித் தள்ளி நிற்பவை எண்ணிக்கையில் குறைவு. மறுபுறம் அச்சுக்கு அருகே இருப்பவை அதிகம். இரண்டும் சமனாகும் இடத்தில் சக்கரம் நின்றுவிடும்.

இந்த ஆசை புதிதல்ல. ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய சக்கரம் தானே சுழலும் என்று பாஸ்கராச்சாரியார் 1150-ல் சித்தாந்த சிரோமணியில் எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகமோ, இத்தகைய கருவிகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775-லேயே முடிவு செய்துவிட்டது.

10 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் இறைக்கக் குறைந்தது 98,000 ஜூல் சக்தி தேவை. எந்தத் தந்திரத்தாலும் இதைக் குறைக்க முடியாது. வீணாவதைத்தான் குறைக்கலாம்.

விவசாயிகள் செய்யவேண்டியவை:

1. சக்கரம் விற்க வருபவரிடம், மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் இறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. ஒழுகும் புட்வால்வை மாற்றுங்கள். குறுகிய குழாயையும் தேவையற்ற வளைவுகளையும் தவிருங்கள்.

3. எரிபொருள் செலவில்லாமல் இறைக்க விரும்பினால் சூரிய சக்தி பம்புசெட் உண்டு. மானிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வெயிலும் காற்றும் ஓடும் நீரும் வெளியிலிருந்து சக்தி தருகின்றன. தீனியில்லாமல் உழைக்கும் காளை இல்லை, சக்கரமும் அப்படியே.