கடலூர் சிப்காட் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு

கடலூர் சிப்காட் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்பது, கடலூர்–சிதம்பரம் சாலையோரம் அமைந்த இரசாயனத் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய மாசு கண்காணிப்பு முறையாகும். மாசைத் தடுக்கும் பொறுப்புள்ள அரசு அமைப்புகளை, மக்கள் தாங்களே திரட்டிய பதிவுகளைக் கொண்டு பதில் சொல்ல வைக்க முயன்றதால் இது பொறுப்புடைமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பின்னணி

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம் (சிப்காட்) 1971-இல் தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனம். இது 1980-களில் கடலூர் பழைய நகருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே ஒரு தொழிற்பேட்டையை அமைத்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் முதலியவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் இங்கு வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் இப்பேட்டையை ஒட்டியுள்ளன. உப்பனாறு மீன்பிடிப்புக்குப் பயன்படும் ஆறு ஆகும்.

ஆலைகளுக்கு இசைவாணை வழங்குவதும், அதன் நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என ஆய்வு செய்வதும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் பணி. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்படி இவ்வாரியம் 1982-இல் அமைக்கப்பட்டது. நாற்றம் குறித்துப் புகார் செய்வோர் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சந்தித்தனர். வாயு வெளியாவது பெரும்பாலும் இரவில். அதிகாரி வருவது பகலில். அவர் வரும்போது காற்று கலைந்திருக்கும். புகாருக்குச் சான்று இருக்காது.

வாளி முறை

இச்சிக்கலுக்கு இரண்டு எளிய கருவிகள் பயன்பட்டன.

முதலாவது நாற்றக் குறிப்பேடு. நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஊர்மக்கள் எழுதி வைத்தனர். அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைடைக் குறிக்கக்கூடும். நகப்பூச்சு நாற்றம் அசிட்டோன் போன்ற கரைப்பான்களைக் குறிக்கக்கூடும்.

இரண்டாவது வாளி. இம்முறை 1990-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்தோருக்காக உருவானது. மூடியிட்ட நெகிழி வாளிக்குள் ஒரு சிறப்புப் பை இருக்கும். வாளிக்குள் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் நிறையும். நாற்றம் வீசும் அந்தச் சில நிமிடங்களிலேயே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

2004 அறிக்கையும் பின்விளைவுகளும்

ஊர்மக்கள் எடுத்த காற்று மாதிரிகளின் முடிவுகள் 2004 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. அவற்றில் 22 வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டன; 8 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அபாயகரமான கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்தது. இத்தகைய நச்சு வாயுக்களுக்கு இந்தியாவில் தர வரம்புகள் இல்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. வரம்பு இல்லாத பொருளுக்கு 'வரம்பு மீறல்' என்று வாரியம் நடவடிக்கை எடுக்க இயலாது. 2009 நவம்பரில் திருத்தப்பட்ட தேசியக் காற்றுத் தர வரம்புகளில் பென்சீன் சேர்க்கப்பட்டது.

நடுவண் மாசு கட்டுப்பாடு வாரியம் 2009-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. 70-க்கு மேல் பெற்ற 43 தொழிற்பகுதிகள் 'மிகக் கடுமையாக மாசுபட்டவை' என வகைப்படுத்தப்பட்டன. 2010 ஜனவரியில் இப்பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் உப்பனாற்றுக் கழிமுகத்தின் நீர், வண்டல், மீன்கள் குறித்து ஆய்வுகள் வெளியிட்டுள்ளது.

சட்டம் தரும் வழிகள்

நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் வாரியத்தைப் பொதுமக்கள் கேள்வி கேட்க இடமுண்டு.

• பிரிவு 25: இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் பார்வையிடலாம்.
• பிரிவு 40: வாரியத்தின் கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு, தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.
• பிரிவு 49: 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தனிநபரும் நீதிமன்றத்தில் முறையிடலாம், அவர் கேட்டால் வாரியம் தன் அறிக்கைகளைத் தர வேண்டும்.

இவற்றுடன், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாள்களுக்குள் பதில் பெறலாம்.

பிற நாட்டு ஒப்பீடு

பொதுப்பணம் தூய தொழில்நுட்பத்துக்குச் செல்லும் இடங்களிலும் இதே கேள்வி எழுகிறது. இந்தியாவில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2012-ஆம் ஆண்டுத் திட்டப்படி செலவில் 50 விழுக்காட்டை நடுவண் அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாகத் தர வழி செய்யப்பட்டது. கனடாவில் தூய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிதி வழங்க 2001-இல் ஓர் அமைப்பு உருவானது. 2024 ஜூனில் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர், தகுதியற்ற 10 திட்டங்களுக்கு 5.9 கோடி கனடிய டாலர் ஒதுக்கப்பட்டதையும், நலமுரண் விதிகள் பின்பற்றப்படாத 90 நிகழ்வுகளையும் சுட்டிக்காட்டினார். நிதி வழங்கும் பொறுப்பைத் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்கு மாற்றுவதாக அரசு அறிவித்தது. அங்குத் தணிக்கையாளர் செய்ததை, கடலூரில் ஊர்மக்கள் செய்தனர்: பொறுப்பிலுள்ள அமைப்பின் கூற்றைச் சரிபார்க்க வெளியிலிருந்து இன்னொரு பதிவை உருவாக்கினர்.

வரம்புகள்

ஊர்மக்கள் எடுக்கும் மாதிரிக்குச் சட்ட மதிப்பு குறைவு. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, விதிப்படி பிரித்து முத்திரையிட்ட மாதிரியே வழக்கில் சான்றாகும். காற்று மாசுச் சட்டத்திலும் இதுபோன்ற விதி உண்டு. சில மாதிரிகளைக் கொண்டு ஆண்டு முழுவதற்குமான மாசு அளவைக் கணக்கிடவும் இயலாது. எனவே இம்முறை வாரியத்தின் ஆய்வுக்கு மாற்று ஆகாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பொருளை வாரியம் அளக்க வேண்டும் என்று காட்டுவதே இதன் பயன். அதன் பின்னும் அளக்கவில்லை என்றால், ஏன் அளக்கவில்லை என்று கேட்க ஊர்மக்களின் கையில் தேதியிட்ட குறிப்பேடு இருக்கிறது.