பாறையிலிருந்து ஒரு பஞ்சு

2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டிய நேரம். லண்டனின் கிரென்ஃபெல் டவரில் நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் ஃபிரிட்ஜ் தீப்பிடித்தது. ஜன்னலோரமாக வெளிச்சுவருக்குத் தாவிய தீ, அரை மணி நேரத்துக்குள் 24 மாடிக் கட்டடத்தின் உச்சியைத் தொட்டது. 72 பேர் இறந்தார்கள்.

எரிந்து பரவியது கான்கிரீட் அல்ல. 2016இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவர் மீது பொருத்திய பலகைகள்தான். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதற்குப் பின்னால், குளிர் தடுக்க வைத்த நுரைப் பலகை. அதுவும் எரியக்கூடியது. நடுவில் விட்ட காற்று இடைவெளி, தீ மேலேறும் பாதையானது.

குளிரையும் வெயிலையும் தடுத்து, தீக்கும் இரையாகாத பொருள் உண்டா? உண்டு, ராக்வுல். எரிமலைப் பாறையான பசால்ட்டைச் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்கி, வேகமாகச் சுழலும் சக்கரங்களில் ஊற்றி, பஞ்சுமிட்டாய் போல இழைகளாக்குவார்கள். இழைகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும், பாறை எரியாது.

தீயைத் தாங்கும் இன்னொரு பொருளான ஜிப்சம் பலகையின் உத்தி வேறு. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம், படிகத்தோடு பிணைந்த நீர். தீ தாக்கும்போது அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். நீர் தீரும்வரை மறுபக்கம் அதிகம் சூடாகாது. வெப்பம் தடுக்கப் பயன்படுத்தும் தெர்மகோலோ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்.

2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவர்களில் எரியக்கூடிய பொருட்களைத் தடை செய்தது.