வணிகர்க்குத் தியானம்

கடன் தவணை, தேங்கிய சரக்கு, வாராத நிலுவை எனக் கடை நடத்துவோர்க்குக் கவலைகள் பல. கலங்கிய மனத்தினர் பணியாளரைச் சினந்து பேசி, அவசரமாய்க் கொள்முதல் செய்து, நட்டத்தைத் தாமே பெருக்கிக்கொள்கின்றனர்.

மன அமைதிக்காக வணிகத்தைத் துறக்க வேண்டுவதில்லை. பழையாறையில் பொன்னும் துகிலும் விற்ற அமர்நீதியார், வணிகராய் இருந்தே அடியார்க்குத் தொண்டாற்றி, அறுபத்துமூவருள் ஒருவராயினார். திருமூலர் விளக்கும் அட்டாங்க யோகத்தில் பிராணாயாமம் 4ஆம் உறுப்பு. தியானம் 7ஆம் உறுப்பு. மூச்சு சீர்பட்ட பின்னரே மனம் ஒடுங்கும். மூச்சினை மெல்ல நீட்டி வெளிவிடுகையில் இதயத் துடிப்பு தணியும் என மருத்துவமும் கூறுகின்றது.

கடை திறக்குமுன் 10 நிமிடம் நிமிர்ந்தமர்ந்து, மூச்சைக் கவனித்து, ஐந்தெழுத்தை உள்ளத்துள் எண்ணுக. நினைவு கணக்கேட்டிற்கு ஓடினால் வருந்தாது மீட்டுக் கொணர்க. நிலுவை அன்றே வந்துவிடாது. எனினும் அதனைக் கேட்கும் சொல் இனிதாகும்.