இராகு காலமும் சிம்பாங் பூலாய்க் கடிகாரமும்

திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்பது தமிழர் இல்லங்களில் சிறுவரும் ஒப்புவிக்கும் பாடம். ஆனால் ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயில், அதனை நம்பி ஒன்பது அடித்ததும் புதுக்கணக்கு எழுதத் தொடங்குபவர், தாம் விலக்க எண்ணிய வேளைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார். இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

பண்டைத் தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். நாழிகை வட்டிலில் நீரளந்து பொழுது கூறியோர் நாழிகைக் கணக்கர் எனப்பட்டனர். பஞ்சாங்க நாள் தொடங்குவது நள்ளிரவில் அன்று, ஞாயிறு எழும்போதுதான். பகற்பொழுதாகிய 30 நாழிகையை எட்டாக வகுத்தால் ஒரு கூறு 3¾ நாழிகை, அஃதாவது ஒன்றரை மணி. திங்களன்று இரண்டாம் கூறு, சனியன்று மூன்றாவது, வெள்ளியன்று நான்காவது, புதனன்று ஐந்தாவது, வியாழனன்று ஆறாவது, செவ்வாயன்று ஏழாவது, ஞாயிறன்று எட்டாவது இராகுவுக்கு உரியன. உதயம் காலை 6 மணி எனக் கொண்டமையாலேயே ஏழரை என்னும் எண் பிறந்தது. கூறு நிலையானது, எண் அன்று.

சிம்பாங் பூலாய் ஏறத்தாழ 101 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. மலேசியக் கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. பாகைக்கு 4 நிமிடமாக வேறுபாடு ஒன்றேகால் மணி. எனவே அவ்வூரில் உதயம் ஏறத்தாழ 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையே நிகழ்கிறது. உதயம் 7.15 ஆயின் திங்கள் இராகு காலம் 8.45 முதல் 10.15 வரை. நிலநடுக்கோட்டை அடுத்த ஊராதலின் பகலின் அளவு பெரிதும் மாறுவதில்லை. கூறும் ஒன்றரை மணியாகவே நிற்கும்.

முன்னோர் இவ்வளவு பிழைபட்டிலர். 1905 முதல் மலாயாவில் வழங்கியது 105 பாகை நேரம். அப்போது வேறுபாடு கால் மணியே. பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற அந்நாளில் ஏழரை ஒருவாறு பொருந்திற்று. 1933-இல் கடிகாரம் 20 நிமிடமும், 1941-இல் மேலும் 10 நிமிடமும் முன்னே நகர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமே சட்டமாயிற்று. அப்போது இங்கு ஞாயிறு எழுந்தது எட்டு மணிக்குப் பின்! 1945-இல் பழைய நேரம் மீண்டது. 1982-இல் மீண்டும் அரைமணி கூடிற்று. கடிகாரம் அரசாணைக்கு அடங்கும், ஞாயிறு அடங்குமோ?

இந்தியப் பஞ்சாங்கத்து நேரங்கள் அனைத்தோடும் இரண்டரை மணி கூட்டிவிடுவது மற்றொரு தவறு. திதி, சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகுவதைப் பொறுத்தது. உலகெங்கும் ஒரே கணத்தில் முடிவது. ஆகவே அதற்கு இரண்டரை மணி கூட்டுதல் முறையே. இராகு காலமோ அவ்வவ்வூர் உதயத்தைச் சார்ந்தது. அதற்கும் கூட்டினால் ஏழரை பத்தாகி, பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

சிம்பாங் பூலாய்க்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் குன்றுகளும், அவற்றின் பின்னே பெருமலைத் தொடரும் உள்ளன. கதிர் அவற்றைக் கடந்து கண்ணிற்படும் நேரத்தை உதயமாகக் கொள்ளலாகாது. கணிதத்தில் உதயம் என்பது மலை மறைக்காத தொடுவானத்து உதயமே.