பிள்ளையின் விசுவாசத்துக்கு முதல் ஆலயம் வீடே

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் வாழும் கிறிஸ்துவப் பெற்றோர் பலருக்கு ஒரு கவலை உண்டு. சிறு வயதில் ஞாயிறு பள்ளிக்குத் துள்ளி ஓடிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். "ஏம்மா போகணும்?" என்று கேட்கிறான். குறை யாரிடம்? போதகரிடமா? நண்பர்களிடமா? கைத்தொலைபேசியிடமா?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஞாயிறு பள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான். அரசாங்கப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் போதிக்கப்படுகின்றன. நன்னெறி நல்ல பாடம்தான். ஆனால், ஜெபிக்கக் கற்றுத் தருவது அதன் வேலையல்ல. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர் என்கிறது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 12(4)ஆவது பிரிவு. சட்டம் உரிமையைத் தரும். விசுவாசத்தை ஊட்டும் பொறுப்பு வீட்டைச் சேர்ந்தது.

குடும்பத் தலைவருக்கு ஒரு நூல்

இது புதிய கருத்தல்ல. மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிப்பதற்கென்றே அமைந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அதனைத் தமிழில் தந்தார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்றது. பெற்றோரே பிள்ளைக்கு முதல் விசுவாசப் போதகர்கள் என்றும் அது சொன்னது.

அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் பெங்ஸ்டன் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களை 35 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோரின் விசுவாசம் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில் பாசமான உறவுக்கு, குறிப்பாகத் தந்தையின் நெருக்கத்துக்கு, பெரிய பங்கு உண்டு என்று அவர் கண்டார். ஜெபம் அம்மாவின் வேலை என்று ஒதுங்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயமுறுத்தல் பக்தியாகாது

"சாமி கண்ணைக் குத்தும்" என்று மிரட்டுவது நம் பழக்கம். கிறிஸ்துவ வீடுகளில் அது "இயேசப்பா அடிப்பார்" என்று மாறிவிடுகிறது. பிள்ளை அப்போதைக்கு அடங்குகிறது. ஆனால், மனத்தில் பதிவது அன்பான தகப்பன் அல்ல, பிரம்போடு நிற்கும் கங்காணி. பயம் தெளியும் வயதில் கடவுளும் சேர்ந்தே போய்விடுகிறார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏறத்தாழ 7 முதல் 12 வயது வரை பிள்ளைகள் கதைகளை அப்படியே நம்புவர், நல்லது செய்தால் நல்லது கிடைக்கும் என்று கணக்குப் போடுவர் என்று 1981இல் ஜேம்ஸ் ஃபவுலர் விளக்கினார். "ஜெபித்தால் பாட்டி பிழைத்துவிடுவார்" என்று இந்த வயதுப் பிள்ளையிடம் உறுதி கூறினால், பாட்டி இறக்கும் நாளில் அதன் விசுவாசமும் ஆட்டம் காணும். உறுதி கூறுவதைவிட, பிள்ளையோடு உட்கார்ந்து அழுது, அந்த அழுகையையே ஜெபமாக்குவது மேல். சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். கடவுளிடம் கேள்வி கேட்பது பாவமல்ல என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்கும்.

பக்கத்து வீட்டுத் திருவிழா

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்துவர்கள் சுமார் 6 விழுக்காட்டினர், இந்துக்கள் 86 விழுக்காட்டினர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் தீபாவளியும் பிள்ளையின் வாசலிலேயே நடக்கின்றன. "நாம ஏன் தீமிதிக்குப் போறதில்ல?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அண்டை வீட்டாரின் வழிபாட்டை இழித்துப் பேசி விடை சொன்னால், பிள்ளை கற்பது வெறுப்பை மட்டுமே. "அவங்க அப்படிக் கும்பிடுறாங்க, நாம இப்படி ஜெபிக்கிறோம்" என்று சொல்லி, நம் காரணத்தை விளக்கினால் போதும். தீபாவளிப் பலகாரத்தையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் மாற்றிக்கொண்ட தோட்டத்து உறவை விசுவாசத்தின் பெயரால் அறுக்க வேண்டியதில்லை.

கலப்புத் திருமணக் குடும்பங்களும் மனம் தளர வேண்டாம். திமோத்தேயுவின் தந்தை கிரேக்கர். தாய் ஐனிக்கேயாளும் பாட்டி லோவிசாளுமே அவருக்கு விசுவாசத்தின் முன்மாதிரிகள்.

பத்து நிமிடம் போதும்

ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு நீண்ட குடும்ப ஜெபம் இயலாமல் போகலாம். வீட்டில் உட்காரும்போதும் வழி நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. இன்று மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப் போகும் நேரமும் அந்த வழிதான். இரவில் பத்து நிமிடம், ஒரு சிறு பகுதி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். வேதாகமத் தமிழ் புரியாத பிள்ளைக்கு வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கோபத்தில் தவறாக ஏசிவிட்ட அப்பா, "அப்பா செஞ்சது தப்பு, மன்னிச்சிடுப்பா" என்று சொல்ல வேண்டும். மன்னிப்பைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் கேட்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

கம்போங் குவாந்தான் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் இரவில் மின்னும் மின்மினிகளைக் காணப் பல நாட்டினர் வருகிறார்கள். அந்தப் பூச்சிகள் புழுப் பருவத்தில் கரையோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை அழிந்தால் மரத்தில் ஒளி இல்லை. பிள்ளையின் விசுவாசத்துக்கு அந்தக் கரை, பெற்றோர் வாழும் வீடு. வயது வந்தபின் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. அதுவரை கரையை ஈரமாக வைத்திருப்பது பெற்றோரின் கடமை.