ஊர் மேளத்தை விட்டுப் போகலாமா?

பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்திற்கு இன்னும் ஒரு திங்கள் இருக்கையிலேயே நம் சிற்றூர்களில் ஒரு வினா எழுந்துவிடுகின்றது. இவ்வாண்டுத் தேர்ப்பவனிக்கு நம் பிள்ளைகளின் மேளமா, வெளியூரிலிருந்து வரவழைக்கப்படும் பெரிய மேளமா? திருவிழாக் குழுவினர் கூடிப் பேசி, வரவு செலவு பார்த்து, ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடுவர். ஆயின் அவ்வினாவுக்குள்ளே மறைந்திருக்கும் மற்றொரு வினாவை எவரும் கூட்டத்தில் எழுப்புவதில்லை. அது வீட்டுத் திண்ணையிலும் கோவில் மரத்தடியிலும் தாழ்ந்த குரலில் பேசப்படுவது. நம் மேளத்தில் நன்றாக வாசிக்கும் பையனைப் பெரிய குழுவினர் அழைக்கின்றனர், அவன் போகலாமா? இதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் பங்கின் தலைமை ஆலயத்தைச் சூழ்ந்து பல கிளைக் கிராமங்கள் இருப்பதை அன்பர்கள் அறிவர். பங்குத் தந்தை ஞாயிறுதோறும் எல்லா ஊர்களுக்கும் வர இயலாது. அத்தகைய ஊர்களில் உபதேசியாரும் பாடற்குழுவும் மேளமுமே ஆலய வாழ்வைத் தாங்கி நிற்கின்றன. கொடியேற்றம், தேர்ப்பவனி, புதுநன்மை, ஆயர் பெருமானின் வருகை, இறந்தோரின் அடக்கம் ஆகிய அனைத்துக்கும் அந்த ஐந்தாறு பேரே வந்து நிற்பர். கூலி சொற்பம். பல வேளைகளில் ஒரு வேளைச் சோறும் ஒரு துண்டுமே கூலி.

இத்தகைய ஊரில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். சிறுவனாய் இருந்தபோது சித்தப்பாவின் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே சைடு டிரம் வாசிக்கக் கற்றவன். அவனுக்கு ஏட்டுக் கல்வியோ இசைக் குறியீடோ கிடையாது. திருவிழா ஒன்றில் அவன் கைத்திறனைக் கண்ட திருச்சி நகரக் குழுவினர், எங்களோடு வந்துவிடு என்கின்றனர். அங்கே சீருடை உண்டு, சொந்த வேன் உண்டு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசிய ஊதியம் உண்டு. தந்தை கூலி வேலை செய்பவர். தமக்கை திருமணத்திற்குக் காத்திருக்கிறாள். பையன் சித்தப்பாவின் முன் வந்து நிற்கிறான். "சித்தப்பா, நான் போகட்டுங்களா?" என்கிறான். சித்தப்பா உடனே விடை கூறுவதில்லை. "பெருநாளுக்கு யாருடா அடிக்கிறது?" என்று மட்டும் கேட்கிறார்.

அவரது கேள்வியைத் தன்னலம் என்று தள்ளிவிடுதல் ஆகாது. நாற்பது பேர் கொண்ட குழுவிலிருந்து ஒருவன் விலகினால் எவரும் அறியார். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவன் விலகினால் பவனியில் நடை தளர்ந்துவிடும். பெரிய டிரம் காலத்தைக் காட்டுகின்றது; சைடு டிரம் அதன் இடைவெளிகளை நிரப்பி நடப்பவர்களின் கால்களை இழுத்துச் செல்கின்றது; தாளமும் எக்காளமும் அவற்றின்மேல் ஏறி நிற்கின்றன. ஒன்று நின்றால் மற்றவை தடுமாறும். அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. நம் ஊர்களில் மேளம் செவிவழியாகவே கற்பிக்கப்படுகின்றது. நன்றாக வாசிப்பவன் அருகில் நின்றுதான் அடுத்த சிறுவன் கற்கிறான். எனவே கைதேர்ந்தவன் போகும்போது கலைஞன் ஒருவன் மட்டும் போவதில்லை, ஆசிரியனும் போய்விடுகிறான். இந்த இழப்பு அவ்வாண்டுத் திருவிழாவில் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், எடுத்து அடிக்க ஆளில்லாமல் மேளம் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருக்கும்போதுதான் தெரியும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடந்த நூற்றாண்டில் கத்தோலிக்கப் பங்குகள் பல, தம் இளைஞரைத் தெருவில் திரிய விடாது ஒழுங்கில் வளர்க்கும்பொருட்டு, முரசும் எக்காளமும் கொண்ட அணிகளை நடத்தின. நியூ ஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்டு என்னும் ஊரில் திருப்பெயர்ப் பங்கில் 1934-ஆம் ஆண்டு தோன்றிய அணி அவற்றுள் ஒன்று. அப்பங்கின் பெயரையே அது தாங்கியிருந்தது. பின்னர் பங்கிலிருந்து விலகி ஊரின் பெயரை ஏற்றது. அதன்பின் அவ்வூரையும் விட்டு வேற்று மாநிலம் சென்றது. 1972-இல் அந்நாட்டு அணிகளுக்கெனத் தேசிய அளவிலான போட்டி தொடங்கியதும், வெற்றி பெறும் பெரிய அணிகளை நோக்கி இளைஞர் நாடெங்கிலுமிருந்து சென்றனர். கார்ஃபீல்டில் பிறந்த அவ்வணியும் பெரியவற்றுள் ஒன்றாகிப் பத்து முறை வாகை சூடியது. ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்த சிற்றணிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இன்று எஞ்சியிருப்பவை சில பத்துகளே. பயணச் செலவும் பயிற்சிச் செலவும் பெருகி, ஒரு கோடைக்காலம் வாசிப்பதற்கு இளைஞனே ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டிய நிலை வந்தது. அந்தப் பழம்பெரும் அணியோ வழக்குகளாலும் பணமுடையாலும் 2024-இல் மூடப்பட்டது.

சிற்றணிகள் மறைந்ததற்கு இளைஞரின் நன்றிகெட்ட மனமே காரணம் என்று எழுதுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஆலைகள் மூடின, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, பங்குகளின் வருவாய் குறைந்தது. ஆயினும் ஒன்று உண்மை. திறமையுள்ளோர் அனைவரும் மேலே நோக்கியே நடந்தபோது, கீழே கற்றுக்கொடுக்க ஆளில்லாது போயிற்று. பெரிய அணிகளும், தமக்கு ஆள் வளர்த்துக் கொடுத்த நாற்றங்கால்கள் காய்வதைக் கண்டுகொள்ளவில்லை. நாற்றங்கால் காய்ந்தபின் நடவுக்கு எங்கே போவது? காவிரிக் கரையை அடுத்து வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்து, இளைஞனே, ஊரிலேயே இரு என்று முடிக்கப்போகிறோம் என எண்ணியவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தமிழ் மண்ணில் மேளம் அடிப்பவனைப் பார்த்து ஊருக்கு விசுவாசமாய் இரு என்று கூறுமுன் நாம் நம் நாவைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. பறை அடித்தவர்க்கு ஊரை விட்டுப் போகும் உரிமை நெடுங்காலம் இருந்ததில்லை. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, அறிவிப்புக்கு அடி என்று ஊரார் இட்ட ஏவலைத் தலைமுறை தலைமுறையாய்ச் செய்தாக வேண்டும். மறுத்தவன் வீடு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தோலைக் காய்ச்சி, இரு குச்சிகளால் அடித்து, மழையிலும் வெயிலிலும் முன்னே நடந்தவனைப் பந்தியில் மட்டும் பின்னே நிறுத்தினோம். கிறிஸ்தவர்களாகிய நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லோம். சாதிக்கு ஒரு புறமாய் மக்களை இருத்திய ஆலயங்களும், சாதிக்கு ஒன்றாய்ப் பிரித்த கல்லறைகளும் தமிழகத்தில் இருந்ததை நாடறியும். இத்தகைய கட்டுக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டியது நம் வசதிக்காகவே. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களும் உண்டு. அவர்களை எவர் குறை கூறுவார்?

ஆகவே ஒரு பையன் பெரிய குழுவுக்குப் போவது சில வேளைகளில் வெறும் பணத்தாசை அன்று. ஊரில் அவன் இன்னார் மகன். திருச்சியில் அவன் கலைஞன். இந்த வேறுபாட்டை உணராத பெரியவர்கள், பையன் பணத்துக்காகப் போய்விட்டான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பர்.

திருச்சபையும் முரசை எப்போதும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22-இல் வெளியிட்ட திரு இசை பற்றிய ஏட்டில் பியானோவையும், முரசு, தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் ஆலயத்திற்குள் விலக்கினார். ஆலயத்திற்கு வெளியே நடைபெறும் பவனியில் மட்டும், ஆயரின் அனுமதியோடு, உலகியல் இசை கலவாமல் வாத்தியக் குழு வாசிக்கலாம் என்றார். நம் மேளம் நெடுங்காலம் ஆலய வாயிலோடு நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் சாசனத்தில் அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்று கூறி, வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது.

திறந்த வாயிலின் வழியே பலர் நுழைந்தனர். திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி, நம் நாட்டு இசையையும் நடனத்தையும் நற்செய்திப் பணிக்குக் கொணர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, கத்தோலிக்கர் அல்லர் எனினும், பறையையும் நாட்டுப்புற இசையையும் வழிபாட்டின் நடுவில் வைத்தவர் என்ற முறையில் நம் நன்றிக்குரியவர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நடத்திய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்மக்களே பறையைக் கையில் எடுத்தனர். (நம் பங்கு மேளங்களில் பெண்பிள்ளைகளை ஏன் சேர்ப்பதில்லை என்று இதைப் படிக்கும் தாய்மார் கேட்டால், விடை கூறுவது எளிதன்று.) 2025-ஆம் ஆண்டு மதுரை வட்டாரத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஊரை விட்டு வெளியே வந்து பெரிய அரங்குகளில் ஏறியவர்கள் இல்லையேல், ஊரில் எஞ்சியிருக்கும் மேளத்துக்கும் இம்மதிப்பு வந்திராது.

இருபுறமும் நியாயம் இருக்கையில் விவிலியத்தைத் திறந்து பார்ப்பது நம் வழக்கம். சிறிய குழுவின் பக்கம் பேசுவோர் கிதியோனின் முந்நூறு பேரைக் காட்டுவர். முப்பத்தீராயிரம் பேரை முந்நூறாகக் குறைத்தபின் எக்காளத்தோடும் பானைகளோடும் அவர்கள் வென்ற வரலாற்றை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே திரும்பிப் போனவர்களைக் கிதியோன் ஏசவில்லை. அச்சமுள்ளோர் போகலாம் என்று அவரே விடைகொடுத்தார். திருத்தூதர் பணிகள் நூலில் மாற்கு என்னும் யோவானின் வரலாறு இன்னும் பொருத்தமானது. பம்பிலியா நாட்டில் பவுலடியாரையும் பர்னபாவையும் விட்டு அவர் எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அதனை முன்னிட்டு அந்த இரு பெரியோர்க்குள்ளேயே கடுஞ்சண்டை மூண்டு இருவரும் பிரிந்து போயினர். பிற்காலத்தில் அதே பவுலடியார், மாற்கு தமக்குப் பயன்படுபவர் என்று கூறி அவரை அழைத்து வரச் சொல்லித் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். விலகிப் போனவனுக்குத் திரும்பி வரும் கதவைப் பர்னபா திறந்து வைத்திருந்தார் என்பதே இதில் நம் மனத்தைக் கவர்வது.

எம் கருத்து இதுவே. சித்தப்பா அந்தப் பையனுக்கு விடை கொடுக்கத்தான் வேண்டும். தமக்கையின் திருமணம் ஊர் மேளத்தினும் பெரிது. ஆனால் பையன் நாளையே கிளம்பிவிடுதல் முறையன்று. தன் இடத்தில் நிற்க ஒரு சிறுவனைப் பழக்கிவிட்டுப் போகட்டும்; ஆறு திங்கள் ஆனாலும் ஆகட்டும். அழைக்கின்ற குழுவினர் நல்லவர்களாயின் அதுவரை காத்திருப்பர்; திருவிழாவுக்குப் பத்து நாள் முன் ஆளைப் பறித்துச் செல்லும் குழுவிடம், நாளை அவனையும் அவ்வாறே கைவிடமாட்டார்களா என்று தந்தையார் கேட்டுப் பார்க்கட்டும். பேசிய ஊதியம், தங்குமிடம், இரவுப் பயணம், குடிப்பழக்கம் ஆகியவற்றை விசாரித்தறிவதும் பெற்றோர் கடமை. போன பின் ஆண்டுக்கு ஒருமுறை, தன் ஊர்த் திருவிழா நாளில், வேறு எந்த நிகழ்ச்சிக்கும் கைநீட்டி முன்பணம் வாங்காதிருத்தல் அவன் கடமை. ஊரை விட்டுப் போனவன் என்று அவனை அன்று எவரும் ஏளனம் செய்யாதிருத்தல் ஊராரின் கடமை. மற்றதைக் காட்டிலும் இதுவே கடினமானது.

திருவிழாக் குழுவினருக்கும் ஒரு சொல் உண்டு. வெளியூர் மேளத்துக்கும் கேரளச் செண்டைக்கும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு, உள்ளூர்ப் பிள்ளைகளை நம்ம பசங்கதானே என்று சோறு போட்டு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. ஊதியம் கொடுக்காத இடத்தில் விசுவாசத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? வெளியூரார்க்குக் கொடுப்பதில் பாதியையேனும் உள்ளூரார்க்குக் கொடுங்கள். தேரின் முன் முதலிடத்தையும் அவர்களுக்கே கொடுங்கள். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோவில் எழுப்பி, அச்சிற்றூரைத் திருக்காவலூர் என்று அழைத்து, அதன் பெயரால் கலம்பகம் பாடிய வீரமாமுனிவரை நம் வட்டாரத்தார் மறக்கவில்லை. சிற்றூரைப் பெரிதாக மதித்தவர் அவர்.

கடைசியாக, சண்டைக்கு வழிவகுக்கும் ஒரு சிறு செய்தி. பங்குப் பணத்தில் வாங்கிய மேளம் பங்குக்கே உரியது. பிரிந்து போகிறவன் அதைத் தன்னோடு எடுத்துச் செல்லலாகாது. அவன் தன் பணத்தில் வாங்கியதை, நீ போகிறாயே என்று சொல்லிப் பங்கு பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. எது எவருடையது, எந்த ஆண்டு வாங்கியது, தோல் மாற்றிய செலவு எவ்வளவு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஆலய அலமாரியில் வைத்திருப்பீர்களாக. இவ்வாண்டுக் கொடியேற்றத்திற்கு முன்பே அதை எழுதிவிடுவது நன்று.